சத்தியவேடு பஸ் ஸ்டாண்டு எதிரில், காலனி சேகர் களிக்கடை

என் ஆசை மாமாவுக்கு,

உன் கோமளா எழுதுகிறேன். அத்தை மகன் என்பதால் பாவாடை கட்டிய நாளிலிருந்தே உன்னை மாமா என்றுதான் கூப்பிட்டேன். தாலி கட்டிய பிறகும் அதே மாமாதான். நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உன்னோடு மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். அடுப்பில் தண்ணி கொதிக்கும்போது பேசுவேன், அண்டா தேய்க்கும்போது பேசுவேன். பக்கத்தில் பூ விற்கிற பெண், "யார்கிட்டக்கா பேசிக்கினு கீறே?" என்று கேட்டால், "ஆள் கீறாரு, நீ பூவைக் கட்டு" என்பேன்.

இப்போது எழுதியே ஆகவேண்டிய சேதி ஒன்று வந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நம் கடையைப் பற்றிப் பேசலாம். உனக்கும் அதுதானே பிடிக்கும்?

கடை நன்றாக நடக்கிறது மாமா. மத்தியானம் ஷிப்ட்டு மாறும் நேரத்தில் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்கள் வந்து நின்றால், இன்றைக்கும் வண்டியைச் சுற்றி நிற்க இடம் கிடையாது. போன மாசம் திருப்பதியிலிருந்து ஒரு பையன் வந்தான். களியை நடுவில் குழித்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்றுகிறதைப் போனில் படம் பிடித்து எங்கேயோ போட்டுவிட்டான். அதைப் பார்த்துவிட்டு, காரில் வருகிறவர்கள்கூட வண்டியை ஓரம் கட்டி நம் கடையைத் தேடுகிறார்கள். "ஆன்ட்டி, ஒரு சிரிப்பு" என்றான் அந்தப் பையன். எனக்குச் சிரிக்க வரவில்லை. நீ இருந்திருந்தால் களி கிண்டுகிற துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய்.

நம்முடையது கடை வைக்கிற குடும்பமே இல்லை. உன் நைனாவும் என் நைனாவும் காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டினார்கள். நாம் இரண்டு பேரும் கொஞ்ச காலம் அதையே செய்தோம். அப்பால ஸ்ரீசிட்டியில் கம்பெனிகள் எழும்ப ஆரம்பித்ததும் கட்டட வேலைக்குப் போனோம். அங்கே நம் கூட்டத்துக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்று மேஸ்திரி கேட்டபோது, எல்லாரும் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நீதான் முன்னால் போய் நின்றாய். "எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தப்போ வூட்ல நான்தான் களி கிண்டினேன். நான் செய்றேன்" என்றாய். ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு மத்தியானம் துன்னுவிட்டு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கம்பிக் கட்டு சரிந்து உன் வலது கால் மேல் விழுந்தது அடுத்த வருஷம். நடக்க முடிந்தது, சுமக்க முடியவில்லை. மாசக்கணக்கில் வீட்டு வாசலில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மட்டும் வேலைக்குப் போய் வந்தேன். ஒருநாள் சாயங்காலம் நான் வந்து முகம்கூடக் கழுவவில்லை, அதற்குள் கூப்பிட்டாய்.

"கோமளா, போனது காலு தானே? கை நல்லாத்தானே கீது?"

"இன்னா மாமா சொல்றே?"

"பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒரு வண்டி போடலாம். நான் களி கிண்டறேன். நீ கொழம்பு வையி."

அப்படித்தான் ஆரம்பித்தோம். பழைய தள்ளுவண்டி, மேலே தார்ப்பாய், ஒரு பெரிய அண்டா. கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, கீரைக் கடைசல், வேர்க்கடலைச் சட்னி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாட்டுக்கோழிக் குழம்பு. நம் பொண்ணு பவானி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சனி ஞாயிறில் வந்து தட்டு எடுத்துக் கொடுப்பாள்.

முதல் கொஞ்ச நாள் லாரிக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் என்று கூட்டம் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் அந்த நாள். உன் நைனா யாருடைய நிலத்தில் கரும்பு வெட்டினாரோ, அந்தப் பெரியவர் பஸ்ஸை விட்டு இறங்கி நம் வண்டி முன்னால் வந்து நின்றார். உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நுவ்வு எவரி கொடுகுரா?" நீ யார் பிள்ளைடா என்று தெலுங்கில் கேட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காதில் விழட்டும் என்றே கேட்டார்.

நீ நிமிர்ந்து பார்த்து உன் நைனா பேரைச் சொன்னாய். காலனி என்றும் சொன்னாய். கேட்டதற்கு மேலேயே சொன்னாய்.

தட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. ஒருத்தன் வாயில் இருந்ததைக் காறித் துப்பினான், அது என் காலடியில் விழுந்தது. நீ என்ன செய்தாய் தெரியுமா? குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணி மொண்டு அந்த இடத்தைக் கழுவிவிட்டாய். துடுப்பைக் கையில் எடுத்தாய். வண்டி முன்னால் ஒரு ஈ காக்கா இல்லை. ஆனாலும் சத்தமாகக் கூப்பிட்டாய்.

"அடுத்து யாருப்பா?"

அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு முதுகு நிமிர்கிறது மாமா.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து டீக்கடை மஸ்தான் பாய் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர், நம் மேல் உள்ள அக்கறையில்தான் பேசினார். "சேகரு, வண்டியைத் தடா பக்கம் தள்ளிக்கினு போயிடு. அங்க உன்னை யாருக்கும் தெரியாது. ஊர் பேரை மாத்திச் சொல்லு. நாலு சாமி படம் மாட்டு. பொழைக்கறதுக்கு ஒரு பொய் சொன்னா இன்னா தப்பு?"

"பொய் சொல்லி ஒருத்தனுக்குச் சோறு போட்டா, அவன் துன்னு முடிக்கற வரைக்கும் நான் பயந்துக்கினே நிக்கணும் பாய். என்னால ஆவாது" என்றாய் நீ.

எனக்குக் கோபம். பெரியவர் மேல் கோபம், துப்பினவன் மேல் கோபம், அமைதியாக இருக்கிற உன் மேலும் கோபம். "அப்போ தினம் ஒருத்தன் வந்து நீ யாரு, எந்தப் பக்கம்னு கேட்டுக்கினு நிப்பான். நீயும் தினம் பதில் சொல்லிக்கினு இருப்பே. அதுக்குப் பேசாம போர்டுலயே எழுதி மாட்டிடு. கேக்கற வேலை மிச்சம்!" என்று கத்தினேன்.

நான் எரிச்சலில் சொன்னது. நீ என்னைப் பார்த்தாய். முதலில் சிரிப்பு வந்தது உனக்கு, அப்புறம் சிரிப்பு நின்றது. "ஏன், எழுதிட்டா இன்னா?" என்றாய்.

பெயின்டர் இரண்டு தடவை கேட்டார். "காலனின்னு நெஜமாவே எழுதணுமா?"

"அதைத்தான் பெருசா எழுதணும். சேகர்ன்றது சின்னதா இருந்தாலும் பரவால்ல" என்றாய். ஒரு பக்கம் தமிழ், இன்னொரு பக்கம் தெலுங்கு; களிக்குத் தெலுங்கில் சங்கடி. காலனி சேகர் களிக்கடை. காலனி சேகர் சங்கடி. வண்டி நெற்றியில் அதை மாட்டிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினாயே, அப்போது உன் முகத்தில் இருந்தது வீம்பா சந்தோஷமா? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அதற்கப்புறம் வந்த மாசங்கள் லேசானவை இல்லை. வருகிறவர்கள் போர்டைப் படிப்பார்கள், போய்விடுவார்கள். மீந்த களியை மோரில் கரைத்து நாமே குடித்தோம். "இன்னிக்கும் கூழா?" என்று பவானி முகத்தைச் சுளிப்பாள். தெருவில் இருந்த நாய்களெல்லாம் நம் வீட்டு வாசலில் கொழுத்துப்போய்ப் படுத்துக் கிடந்தன. மாவைக் குறைத்துப் போடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"கொறைச்சுச் செஞ்சா, இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆயிடும் கோமளா" என்றாய். அண்டா நிறையக் கிண்டினாய். காலை நீட்டி உட்கார்ந்து, அண்டாவின் இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, கட்டி தட்டாமல் நீ கிண்டுகிற அழகை அப்போது பார்க்க நானும் தெரு நாய்களும்தான் இருந்தோம்.

அப்புறம் அந்தப் பெண்கள் வந்தார்கள். பலமனேர், புங்கனூர் பக்கத்திலிருந்து வந்து கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள். ஹாஸ்டலில் தங்கியிருந்தவர்கள். கேழ்வரகு துன்னு வளர்ந்த பிள்ளைகளுக்கு மூணு வேளையும் அரிசிச் சோறு போட்டால் எப்படி இருக்கும்? ஒருநாள் மத்தியானம் அவர்களில் சுஜாதா என்கிறவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, வாசனை பிடித்துக்கொண்டு நேராக வந்தாள். ஒரு வாய் பிய்த்துக் குழம்பில் தோய்த்து முழுங்கினாள். மறு கையால் போனை எடுத்து, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "அம்மா! இக்கட சங்கடி தொரிகிந்தி!" இங்கே களி கிடைக்குது அம்மா என்று. புதையல் கிடைத்தாற்போல.

மறுநாள் ஒரு பஸ்ஸே இறங்கியது. அதில் ஒரு பெண் தெலுங்குப் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அன்னா, மேமு கூடா காலனியே" என்றாள். நாங்களும் காலனிதான் அண்ணா. பக்கத்தில் நின்றவள் காலனி இல்லை. அவள் ஒன்றும் கேட்கவுமில்லை, தள்ளி நிற்கவுமில்லை. "அன்னா, நாக்கு பெத்த முத்த" என்று பெரிய உருண்டையாகக் கேட்டாள். அதற்குமேல் உனக்கு என்ன வேண்டும்? அன்றைக்கு நீ எனக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தாய்.

ஒரு மழைக்காலத்தில் வாயுகுண்டம் என்று புயல் சின்னம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஏரி உடைந்து ஊத்துக்கோட்டை ரோடும் தடா ரோடும் ஒரே நேரத்தில் தண்ணியில் போயின. போகிற பஸ் போகவில்லை, வந்த பஸ் திரும்பவில்லை. காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டு நிறைய ஜனம். கைக்குழந்தைகள் அழுதன. பாய் டீக்கடை தவிர எல்லாக் கடையும் மூடிக் கிடந்தது.

"மாவு எவ்ளோ கீது?" என்று கேட்டாய்.

"மூட்டை பிரிக்காம கீது மாமா."

"பிரி."

அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டு கூரைக்கு அடியில் வைத்தோம். மஸ்தான் பாய் தன் கடையின் இன்னொரு காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். நீ கிண்டினாய், நான் உருட்டினேன், பவானி கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றைக்கு யாரிடமும் நாம் காசுக்குக் கை நீட்டவில்லை. யாரும் போர்டைத் தேடிப் படிக்கவுமில்லை.

அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார். அதே பெரியவர், தன் சம்சாரத்தோடு, ஒரு சிமென்ட் பெஞ்சில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். நீயே இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு, அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்து போனாய். அந்த அம்மா தட்டை வாங்கிக்கொண்டார். புருஷன் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். துன்ன ஆரம்பித்துவிட்டார். முடித்துவிட்டு, "இங்கொஞ்செம் பெட்டு நாயனா" என்று தட்டை நீட்டினார். இன்னும் கொஞ்சம் போடப்பா.

பெரியவர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீ வைத்த தட்டைத் தொடவில்லை. களி ஆறிக் கல்லாகிப் போனது. நீ அதை எடுத்துக்கொண்டு, பாய் கடை டீயை ஒரு டம்ளரில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாய். "இது பாய் கடை டீதான். குடிங்க" என்றாய். குடித்தார்.

"அந்த மனுஷனுக்கு எதுக்கு மாமா தட்டு வெச்சே?" என்று கேட்டேன்.

"துன்றதும் துன்னாததும் அவரு இஷ்டம். வெக்கறது என் இஷ்டம்" என்றாய்.

அவர் சாகிறவரைக்கும் நம் கடையில் கை நனைக்கவில்லை. ஆனால் அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டோ வைத்துக்கொண்டு வருவார். ரோட்டோரமாக நிறுத்தி வாங்கிக்கொண்டு போகிறவர் இல்லை. இறங்கி வந்து, நாலு பேர் பார்க்க ஸ்டூலில் உட்கார்ந்து துன்னுவிட்டுத்தான் போவார். இப்போதும் வருகிறார். குழம்பில் காரம் குறைந்தால் என்னைத் திட்டுவார்.

நீ போன நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ பார்க்காதது ஒன்று இருக்கிறதே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்ததும், திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியதும், அங்கே நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் உனக்கே தெரியும். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கேள்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையில் காலனி ரோட்டுத் திருப்பத்தில் கம்பெனி பஸ் நின்றது. ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன. யூனிபார்மோடு பெண்கள் இறங்கி வரிசையாக நடந்து வந்தார்கள். சுஜாதா கல்யாணமாகிப் புங்கனூரில் இருந்தவள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், லாரிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் வந்தார்கள் மாமா. காரியத்துக்கும் வராதவர்கள், விசேஷத்துக்கும் வராதவர்கள், நம் தெரு எந்தப் பக்கம் என்று வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். மஸ்தான் பாய் உனக்குத் தோள் கொடுத்தார். நம் தெருவில் அத்தனை செருப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அழுகைக்கு நடுவில் எனக்கு ஒரு எண்ணம். இதைப் பார்க்க நீ எழுந்து உட்காரக் கூடாதா?

காரியம் முடிந்ததும் கடையைத் திறந்தேன். "தாலி இல்லாத பொம்பளை வண்டி முன்னால நின்னா வியாபாரம் ஆவுமா?" என்று நம் சொந்தத்திலேயே சிலர் பேசினார்கள். உன் தம்பி சம்சாரம் சரளாதான், "அக்கா, நான் வரேன்" என்று சேலையைச் சொருகிக்கொண்டு வந்தாள். அண்டாவைக் கிண்ட எனக்கு முதலில் தோள் வலித்தது. இப்போது பழகிவிட்டது. உன் தம்பி காலையில் மாவு மிஷினுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்குப் போகிறார். பவானி திருப்பதியில் பி.காம். முடித்து, அங்கேயே ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளும் ஒரு துடுப்பு.

இப்போது அந்தச் சேதி.

நம் பவானிக்குக் கல்யாணம். பையன் தினேஷ், நாகலாபுரம். திருமலை மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறான். நம் ஆளுங்கதான். அத்தனை வளைவிலும் நிதானமாக ஓட்டுகிறவன், வீட்டையும் நிதானமாக ஓட்டுவான் என்று நினைக்கிறேன். நாராயணவனம் கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலில் முகூர்த்தம். கல்யாணச் சாப்பாட்டில் முதல் உருண்டை நம் களிதான் என்று பவானி கட்டாயமாகச் சொல்லிவிட்டாள்.

பேசி முடிக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் நின்றது. தினேஷின் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "தாரை வாக்கறதுக்கு உங்க மச்சினரும் அவரு சம்சாரமும் மணையில ஒக்காரட்டும். நீங்க... கொஞ்சம் அந்தப் பக்கமா இருந்து பாத்துக்கங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். எனக்கும் அது தெரிந்ததுதான். சரி என்று தலையாட்ட இருந்தேன். சரளாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அக்கா இருக்கறப்போ நான் எதுக்கு?" என்றாள்.

காபி கொண்டுவந்த பவானி தட்டைக் கீழே வைத்துவிட்டு, தினேஷின் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, எங்க நைனா போனப்புறம் எங்க அடுப்பு அணையல. அதை எரிச்சது எங்க அம்மா. என்னைப் படிக்க வெச்சது அந்த அடுப்பு. என்னைக் குடுக்கறதா இருந்தா அவங்க கையாலதான் குடுக்கணும். அவங்க அந்தப் பக்கமா நிக்கற கல்யாணம் எனக்கு வேணாம்."

சத்தம் போடவில்லை. உன்னை மாதிரியே, நிதானமாக. தினேஷ் தலை நிமிர்ந்து, "அவங்க சொல்றது நாயம்பா" என்றான். அவன் அப்பா எழுந்து போனார். கொண்டுவந்த காபி அப்படியே இருந்தது. ஒரு வாரம் அவர்கள் வீட்டிலிருந்து சேதியே இல்லை. பெண்ணின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று கிண்டுகிற களியைக்கூட ஒருநாள் அடிப்பிடிக்க விட்டேன்.

அப்புறம் தினேஷின் அப்பாவே போன் செய்தார். "அக்கா, நீங்களே மணையில ஒக்காருங்க. ஐயரைக் கேக்கணும், பெரியவங்களைக் கேக்கணும்னு நெனச்சேன். அப்பால நான் யாரையும் கேக்கல" என்றார். நான் போனைப் பக்கத்தில் நீட்டிவிட்டேன். சரளாதான் வாங்கிப் பேசினாள்.

பயமாகத்தான் இருக்கிறது மாமா. அந்த மண்டபத்தில் எத்தனை கண் என் மேல் விழும்! முணுமுணுப்பார்கள். யாராவது எழுந்துகூடப் போவார்கள். போகட்டும். நாலு பேர் எழுந்து போவதை நான் பார்க்காததா?

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். முகூர்த்தத்தன்று பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, முதல் ஆளாக மணையில் போய் உட்காருவேன். நம் பொண்ணின் கையை என் இரண்டு கையாலும் எடுத்து அந்தப் பையன் கையில் கொடுப்பேன். என் கை நடுங்காது. தண்ணி ஊற்றும்போது ஐயர் பெண்ணின் தகப்பன் பேரைக் கேட்பார். மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, உன் பேரை நானே சொல்வேன்.

உன் மாமன் மகள், பவானியின் அம்மா,
கோமளா